2 நிமிடச் சிறுவர் படத் தொடக்கம்: "யு" கிடைக்குமா, "யுஏ 7+" ஆகுமா? (விஸ்காம் செய்முறைப் பாடம்)

விஸ்காம்_ஆறுபேர் எழுதியது:

வணக்கம். நாங்க ஆறு பேர், விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு. ஒரு முழுநீளச் சிறுவர் படத்தின் முதல் 2 நிமிடத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கணும். கூடவே அந்தப் படத்துக்கு எந்த வயதுச் சான்றிதழ் பொருந்தும், ஏன் என்று 4 பக்க அறிக்கை. எங்க இலக்கு 6 முதல் 10 வயதுப் பிள்ளைகள், "யு" சான்றிதழ்.

கதை: விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வந்திருக்கும் 8 வயதுச் சிறுமியும் 6 வயதுத் தம்பியும். இப்போது இருக்கும் ஷாட் வரிசை:

0–12 நொடி: தெரு, சாயங்காலம், மரத்தடியில் கிளி ஜோசியர், கூண்டில் கிளி.
12–30: வீட்டுக்குள் இருவரும் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள்.
30–50: தம்பி பழைய பத்தாயத்துக்குள் ஒளிகிறான், மூடி டப்பென்று விழுகிறது.
50–70: கரண்ட் போகிறது. சிறுமி தீக்குச்சி கிழித்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள்.
70–85: எதிர்த் திண்ணையில் பெரியவர் பீடி குடிக்கிறார், நெருப்புப் புள்ளி மட்டும் தெரிகிறது.
85–112: பரணில் இரண்டு சிவப்புக் கண்கள். சிறுமி ஏணியில் ஏறுகிறாள். அலறல்.
112–120: கறுப்புத் திரை, படத்தின் பெயர்.

ரத்தம் இல்லை, சண்டை இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. இது "யு"தானே? எங்கேயாவது இடிக்குமா?

---

சிறுவர்திரை எழுதியது:

இடிக்கும், மூன்று நான்கு இடத்தில். அதற்கு முன் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அறிக்கையில் மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான்.

இந்தியாவில் திரையரங்கப் படத்துக்குச் சான்றிதழ் தருவது 1952-ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம். 1983-க்கு முன் யு (எல்லோரும் பார்க்கலாம்), ஏ (18 வயது ஆனவர்களுக்கு மட்டும்) என்று இரண்டே பிரிவு. பிறகு யுஏவும் எஸ்ஸும் (மருத்துவர் போன்ற குறிப்பிட்ட துறையினருக்கு மட்டும்) சேர்ந்தன. 2023-இல் வந்த சட்டத் திருத்தம் யுஏவை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது. 2024 மார்ச்சில் புதிய சான்றிதழ் விதிகள் வந்தன. "யு, யுஏ, ஏ" என்று பழைய மூன்றை மட்டும் எழுதிக் கொடுத்தால் அறிக்கை காலாவதியாகிவிடும்.

யுஏ என்பது தடை இல்லை. 7+ என்றால் 7 வயதுக்குக் குறைந்த பிள்ளை பார்க்கலாமா என்பதைப் பெற்றோர் முடிவு செய்யவேண்டும் என்று அர்த்தம். வயதைக் காரணம் காட்டி வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவது ஏ பிரிவுக்கு மட்டும்தான்.

இன்னொன்று, "சிறுவர் படம்" என்பதால் யு வந்துவிடாது. சிறுவர் படம் என்பது வகை. சான்றிதழ் அந்தப் படத்தின் உள்ளடக்கத்துக்கு. 1991 வழிகாட்டு நெறிகள் சொல்வது, யு படம் குழந்தைகள் உட்படக் குடும்பமே சேர்ந்து பார்க்கத் தக்கதாக இருக்கவேண்டும்; படத்தை முழுமையாக, அது விடும் மொத்தத் தாக்கத்தை வைத்து எடைபோடவேண்டும்.

இந்த "முழுமையாக" என்பதில்தான் உங்கள் பயிற்சியின் சிக்கல் இருக்கிறது. 90 நிமிடப் படத்தில் 2-ஆவது நிமிடத்தில் வரும் பயம் 10-ஆவது நிமிடத்தில் தீர்ந்துவிட்டால் மொத்தத் தாக்கம் லேசானதுதான். நீங்கள் காட்டப்போவதோ அந்த 2 நிமிடம் மட்டும். அது அலறலில் முடிகிறது, தம்பி பெட்டிக்குள் கிடக்கிறான், ஆறுதல் எங்கேயும் வரவில்லை. பார்ப்பவர் கையில் இருக்கும் "முழுப்படம்" இதுதான். ஆகவே பயத்தையும் அதன் தீர்வையும் இந்த 120 நொடிக்குள்ளேயே வைக்கப் பாருங்கள்.

---

கத்தரிமேசை எழுதியது:

மேலே சொன்னதை எடிட்டிங் பக்கமிருந்து பார்க்கிறேன்.

பயக் காட்சியின் கனத்தை முடிவு செய்வது என்ன தெரிகிறது என்பதைவிட, தெரியாமல் எவ்வளவு நேரம் விடுகிறோம் என்பதுதான். உங்கள் வரிசையில் தம்பி பெட்டிக்குள் அடைபடுவது 50-ஆவது நொடி. அதற்குப் பிறகு 70 நொடிக்கு அவன் பக்கம் ஒரு ஷாட்கூடத் திரும்பவில்லை. 6 வயதுப் பிள்ளை மெழுகுவர்த்தியையும் பார்க்காது, சிவப்புக் கண்ணையும் பார்க்காது. "அந்தப் பையன் என்ன ஆனான்" என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கும். பெரியவர்கள் கதை உத்தியாகப் பார்க்கும் இடைவெளி சின்னப் பிள்ளைக்கு நிஜமான பதைப்பு.

யு அளவில் நிற்கவேண்டும் என்றால், அச்சம் தொடங்கியதிலிருந்து 20–25 நொடிக்குள் ஒரு மூச்சு விடும் இடம் வேண்டும். வாரியத்தில் இப்படி ஒரு எண் கிடையாது, இது மேசையில் பழகிய கணக்கு. சிரிப்பு, தெரிந்த முகம், திரும்பி வந்த வெளிச்சம், எது வேண்டுமானாலும் அந்த மூச்சாகலாம். அப்புறம் வேண்டுமானால் அடுத்த புதிரைத் தொடங்குங்கள்.

கறுப்புத் திரைக்கு முந்தின நொடிகளை அலறலுக்குக் கொடுக்காதீர்கள். கேள்விக்குக் கொடுங்கள். அலறலோடு வெட்டினால் பிள்ளை கண்ணை மூடும், கேள்வியோடு வெட்டினால் முன்னால் சாய்ந்து உட்காரும். தொடக்கக் காட்சி செய்யவேண்டிய வேலை இரண்டாவதுதான்.

ஷாட் எண்ணிக்கை: 120 நொடிக்கு 28 முதல் 34 ஷாட் போதும், சராசரி 4 நொடிக்குக் கொஞ்சம் குறைவு. பயம் வரும் பகுதியில் 1 நொடிக்குக் கீழ் வெட்டிக்கொண்டே போனால் அதுவே பதற்றத்தை ஏற்றும். அங்கே 3–4 நொடி ஷாட் இரண்டை வைத்து, இருக்கும் அறை எது, கதவு எங்கே, விளக்கு எங்கே என்று காட்டிவிடுங்கள். இடம் புரிந்த பிள்ளைக்குப் பயம் பாதியாகக் குறையும்.

---

விஸ்காம்_ஆறுபேர் எழுதியது:

> தம்பி பெட்டிக்குள் அடைபடுவது 50-ஆவது நொடி

இது எங்களுக்குத் தோணவே இல்லை, நன்றி அண்ணா. 55-ஆவது நொடியில் பத்தாயத்துக்குள்ளிருந்து தம்பி சிரிப்பது கேட்கிற மாதிரி வைத்தால் போதுமா?

---

சிறுவர்திரை எழுதியது:

போதாது. பத்தாயத்தையே எடுத்துவிடுங்கள். சிரிப்பு சேர்த்தால் பயம் குறையும், ஆபத்து கூடும்.

பிள்ளைகளுக்கான படத்தில் சண்டையைவிடக் கவனமாகப் பார்க்கவேண்டியது, பார்த்த பிள்ளை வீட்டில் அப்படியே செய்து பார்க்கக்கூடிய செயல்கள். மூடி கனமான மரப்பெட்டி, பழைய ஃபிரிட்ஜ், இரும்பு டிரங்குப் பெட்டி, காரின் டிக்கி, எல்லாமே உள்ளேயிருந்து திறக்க முடியாதவை. அதற்குள் ஒளிவதை ஜாலியான விளையாட்டாகக் காட்டி, பையன் சிரித்தபடி வெளியே வருவதாக வைத்தால் "இது செய்யலாம்" என்ற செய்தி போகிறது. திரையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதே இங்கே பிரச்சினை.

இதே கணக்கில் பாருங்கள்: தீக்குச்சியை 8 வயதுப் பெண் தனியாகக் கிழிக்கிறாள். சாய்த்து வைத்த ஏணியில் இருட்டில் ஏறுகிறாள். இரண்டுமே எந்த வீட்டிலும் கைக்கெட்டும் பொருள்கள். கிணற்றுச் சுவரில் நடப்பது, புடவைத் தூளியைக் கழுத்தில் சுற்றி விளையாடுவது, தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்வது, மாஞ்சா நூலில் பட்டம் விடுவது இவையும் இந்த ரகம்தான். பறக்கும் கம்பளத்தில் ஏறி மலையைத் தாண்டினால் யாரும் கவலைப்படவேண்டாம், வீட்டில் பறக்கும் கம்பளம் இல்லை.

மாற்று எளிது. தம்பி கட்டிலுக்கு அடியில் ஒளியட்டும், கால் கட்டைவிரல் வெளியே தெரியட்டும். பார்க்கும் பிள்ளைக்கு அவன் இருக்குமிடம் தெரியும், சிறுமிக்குத் தெரியாது. அந்த ஒரு ஷாட் பயத்தை எடுத்துவிட்டுச் சிரிப்பைக் கொடுக்கும்.

---

சட்டப்புத்தகம் எழுதியது:

மற்றவர்கள் தொடாத மூன்று விஷயங்கள்: பீடி, கிளி, குழந்தை நடிகர்கள்.

பீடி. நெருப்புப் புள்ளி மட்டும் என்றாலும் அது புகையிலைப் பயன்பாட்டுக் காட்சிதான். புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் விதிகள்படி (2012 அக்டோபர் 2 முதல் நடைமுறை) படத்தின் தொடக்கத்திலும் இடையிலும் குறைந்தது 30 நொடி விழிப்புணர்வுப் படம், 20 நொடி ஒலி-ஒளி எச்சரிக்கை, காட்சி ஓடும்போது திரையின் அடியில் எச்சரிக்கை வாசகம், எல்லாம் வேண்டும். உங்கள் 120 நொடிப் படத்துக்கு முன்னால் 50 நொடி நுரையீரல் பற்றிய படம் ஓடும். ஒரு திண்ணைப் பெரியவருக்காக அவ்வளவு விலை வேண்டாம். புகைபிடிப்பதை ஊக்குவிக்கும், கவர்ச்சியாக்கும் காட்சிகளை வாரிய நெறிகளும் தனியாகக் குறிப்பிடுகின்றன. அவர் கையில் பனையோலை விசிறியையோ பேட்டரி ரேடியோவையோ கொடுங்கள். இருட்டில் ரேடியோவின் சின்ன விளக்கு அதே நெருப்புப் புள்ளியின் வேலையைச் செய்யும், ஒலியும் கூடுதலாகக் கிடைக்கும்.

கிளி. கூண்டிலிருக்கும் பச்சைக்கிளி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட பறவை. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். தெருவில் ஜோசியர் உட்கார்ந்திருக்கிறார் என்பதால் படத்தில் காட்டலாம் என்று ஆகாது. இது தவிர, எந்த விலங்கைப் படப்பிடிப்பில் பயன்படுத்தினாலும் இந்திய விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் சான்றிதழ் வாரியத்தில் படம் நகராது. குரங்கு, கரடி, புலி, சிறுத்தை, சிங்கம், காளை ஆகியவற்றைப் பழக்கி நடிக்க வைப்பதற்குத் தடையே இருக்கிறது. பரணில் இருக்கும் கண்கள் பூனையுடையவை என்றால் அதற்கும் இந்த விதி பொருந்தும்.

குழந்தைகள். 14 வயதுக்குட்பட்டவர் ஒலி-ஒளித் தயாரிப்பில் கலந்துகொள்வதற்குக் குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017-இல் சேர்த்த பிரிவு பொருந்தும். மாவட்ட ஆட்சியரின் அனுமதி, படிவம் சி உறுதிமொழி (6 மாதம் செல்லும்), பெற்றோர் ஒப்புதல் தேவை. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஐந்து குழந்தைக்கு ஒருவர் என்று பொறுப்பாளர் வேண்டும். சம்பளம் கொடுத்தால் குறைந்தது 20 சதவீதத்தை அந்தக் குழந்தை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பாகப் போடவேண்டும். துறைத் தலைவரின் கடிதத்தோடு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். படப்பிடிப்புக்கு முந்தின நாள் போய் நின்றால் நடக்காது.

5 மணி நேரம் என்பதில் மேக்கப், காத்திருப்பு எல்லாம் அடங்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். 30 ஷாட்டில் பிள்ளைகள் இருப்பது 20 என்றால், ஒரு நாளைக்கு 10 வீதம் இரண்டு நாள்.

---

விஸ்காம்_ஆறுபேர் எழுதியது:

கிளி விஷயம் சுத்தமாகத் தெரியாது. நல்லவேளை இன்னும் ஷூட் போகவில்லை. அப்போ பூனையும் இல்லையென்றால் பரண் காட்சியை எப்படி வைப்பது?

---

விளக்கும்_லென்ஸும் எழுதியது:

பூனையே வேண்டாம். கண்ணை மட்டும் செய்யலாம்.

கறுப்பு சார்ட் அட்டையில் பச்சை நிற ரிஃப்ளெக்டிவ் ஸ்டிக்கரை (வண்டிக்கு ஒட்டுவார்களே, அது) பாதாம் கொட்டை வடிவில் இரண்டு வெட்டி, நடுவே 3–4 செ.மீ. இடைவெளி விட்டு ஒட்டுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய கறுப்புக் கோடு. அட்டையைப் பரணில் வைத்துவிட்டு, ஒரு சின்ன எல்.இ.டி. டார்ச்சை லென்ஸுக்கு ஒட்டினாற்போலப் பிடித்தால் கண்கள் எரியும். டார்ச் லென்ஸிலிருந்து ஒரு அடி தள்ளிப் போனாலும் எரியாது, ஏனென்றால் அந்த ஸ்டிக்கர் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். முதல் முறை செய்பவர்கள் எல்லோரும் இங்கேதான் முழிப்பார்கள். இமைப்பதற்கு அட்டைக்கு முன்னால் கறுப்புத் துணியை மேலிருந்து கீழே இழுத்துவிட்டால் போதும்.

நிறம் பச்சை அல்லது மஞ்சளாக இருக்கட்டும். சிவப்பு வேண்டாம். இருட்டில் பச்சைக் கண் என்றால் பிள்ளைக்குப் பூனை என்று ஊகிக்க வழி இருக்கிறது. சிவப்பைப் பார்த்ததும் பேய் என்ற முடிவுக்குப் போய்விடும். அந்த ஒரு நிறமே உங்களை 7+ பக்கம் தள்ளும்.

மெழுகுவர்த்தி போனதால் வெளிச்சத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். சிறுமி கையில் டார்ச். அது அவள் முகத்தில் கீழிருந்து மேலாகப் படக்கூடாது, அது பேய்ப்பட வெளிச்சம். அவள் முன்னால் இருக்கும் சுவரில் வெள்ளைத் தெர்மாகோல் ஒரு தாளை ஃப்ரேமுக்கு வெளியே நிறுத்தி, டார்ச் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் விழச் செய்யுங்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு எல்.இ.டி. பேனலை நீல வெண்மையில் வைத்தால் நிலா ஆகிவிடும். நடு இரவில் படம் பிடிக்கவேண்டாம், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். மாலை 6 மணிக்கு மேல் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடினால் இரவுதான்.

நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட், மலிவான எல்.இ.டி. பல்புகள் 1/60-இல் பட்டை பட்டையாக ஓடும். கேமரா உயரம் தரையிலிருந்து 1 மீட்டர் அளவு, 8 வயதுப் பிள்ளையின் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. பெரியவர் உயரத்திலிருந்து குனிந்து பார்த்து எடுத்தால், பிள்ளை பார்க்கும் உலகமாக இல்லாமல் பிள்ளையைக் கண்காணிக்கும் காட்சியாகிவிடும்.

---

ஒலிமேடை எழுதியது:

ஒலியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, அதுதான் இதில் பாதிக்கு மேல். இந்தக் காட்சியை ஒலி இல்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள், எந்தப் பிள்ளையும் பயப்படாது. பிறகு ஒரு தாழ்ந்த முனகல் இசையைப் போட்டால், காட்சி மாறாமலேயே வயது வரம்பு ஏறிவிடும்.

ஏற்றுபவை: நொடிக்கணக்கில் நீளும் தாழ்சுருதி முழக்கம், மௌனத்துக்குப் பின் திடீரென்று வெடிக்கும் ஒலி, மூச்சிரைப்பு, பிள்ளையின் அலறல். கடைசியைக் கட்டாயம் எடுங்கள். பிள்ளையின் உண்மையான அலறலைக் கேட்டால் பார்க்கும் பிள்ளையும் சேர்ந்து கலங்கும், காரணம் தெரியவேண்டும் என்பதே இல்லை. அலறலுக்குப் பதில் "யாரு?" என்று ஒரு கிசுகிசுப்பு.

இறக்குபவை: வீட்டின் பழகிய ஒலிகள். கரண்ட் போனதும் ஃபேன் சுற்றுவது மெல்ல நின்று, தெருவில் "அடப் போச்சுடா" என்று நான்கைந்து குரல், எதிர்த் திண்ணை ரேடியோ, தவளை, சமையலறையில் பாட்டி பாத்திரம் உருட்டுவது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்று காதுக்குத் தெரிந்தால் போதும், திரையில் அவர் வரவேண்டியதில்லை. பாட்டியின் சத்தம் பரண் காட்சி முழுக்க அடியில் லேசாக ஓடட்டும். யு அளவில் நிற்க இது ஒன்றே பெரிய துணை.

பதிவு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல். பிள்ளைகள் கிசுகிசுத்துவிட்டு அடுத்த நொடியே கத்துவார்கள், எனவே ஒத்திகையில் கத்தவிட்டு லெவல் வையுங்கள். லேப்பல் மைக்கைச் சட்டையில் வெளியே குத்தினால் கை பட்டுச் சரசரக்கும். பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே மருத்துவ டேப்பால் ஒட்டுங்கள். ஒவ்வொரு அறையிலும் யாரும் பேசாமல் 30 நொடி வெறும் அறை ஒலி எடுத்து வைக்காவிட்டால் எடிட்டில் ஒவ்வொரு கட்டும் காதில் இடறும். பாட்டு வாங்கிப் போடுவதென்றால் உரிமை எழுத்தில் இருக்கவேண்டும்; எதிர்த் திண்ணை ரேடியோவில் சினிமாப் பாட்டு வைக்காதீர்கள். செய்தி வாசிப்பு மாதிரி நீங்களே பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

---

எதிர்க்கரை எழுதியது:

எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து காட்சியை யுவுக்காக இழைத்துக்கொண்டே போகிறீர்கள். 7+ என்பது தோல்வியா? அவர்களின் இலக்கே 6–10. அதில் பெரும்பகுதி 7-க்கு மேல். 9 வயதுப் பிள்ளைக்கு லேசான திகில் பிடிக்கும், அது இல்லாவிட்டால் "பாப்பாப் படம்" என்று எழுந்து போய்விடும். சிவப்புக் கண்ணை வைத்துக்கொண்டே 7+ என்று துணிந்து எழுதி, காரணம் சொல்லட்டும். 2023 திருத்தத்தின் பயனே அதுதான். முன்பு யுஏ என்றால் 6 வயதுப் பிள்ளைக்கு ஏற்ற லேசான சாகசமும், 11 வயதுக்குக்கூடக் கடுமையான அடிதடியும் ஒரே பெட்டியில் கிடந்தன.

---

சிறுவர்திரை எழுதியது:

நியாயமான பேச்சு. 7+ தோல்வி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதற்காக 7+ என்பது முக்கியம். பரணில் இருக்கும் அச்சத்துக்காக என்றால் அது கலை முடிவு, வாதாடலாம். பத்தாயத்துக்கும் தீக்குச்சிக்கும் என்றால் அது கவனக்குறைவு. திகிலைக் கொஞ்சம் கூட்டினால் 8 வயதுக்காரர்களுக்கு லாபம். ஆபத்தான விளையாட்டைச் சேர்ப்பதால் எந்த வயதுக்கும் லாபமில்லை. ஆகவே பின்னது எந்தச் சான்றிதழிலும் வேண்டாம், முன்னதை நீங்கள் தேர்ந்துகொள்ளுங்கள்.

என் சாய்வு யு பக்கம்தான். இலக்கில் 6 வயதைச் சேர்த்தது அவர்களே. அக்கா 9, தம்பி 5 என்று சேர்ந்து வரும் குடும்பத்தில் பெரும்பாலும் இளைய பிள்ளைதான் டிக்கெட்டை முடிவு செய்கிறது.

---

தேம்ஸ்கரை_ஊடகப்பாடம் எழுதியது:

லண்டனில் ஊடகவியல் பாடம் எடுப்பவர்களுக்கு இந்த 2 நிமிடத் தொடக்கப் பயிற்சி நன்றாகத் தெரியும். ஒப்பிட்டு எழுத உதவும் என்பதால் இங்கத்திய அளவுகோலைத் தருகிறேன்.

பிரிட்டனில் சான்றிதழ் தருவது 1912-இல் தொடங்கிய பி.பி.எஃப்.சி. என்ற திரைப்பட வகைப்பாட்டு வாரியம். இங்கே யு என்றால் 4 வயதிலிருந்து பார்க்கலாம். பி.ஜி. (பெற்றோர் வழிகாட்டலோடு) என்றால் சுமார் 8 வயதுப் பிள்ளையைக் கலங்கடிக்கக் கூடாது. அடுத்து 2002-இல் வந்த 12ஏ: 12-க்குக் குறைந்தவர் பெரியவர் துணையோடு மட்டும். அவர்களுடைய வழிகாட்டு நெறிகள் பயம், வன்முறை, மொழி, போதைப்பொருள், பார்த்துச் செய்யக்கூடிய ஆபத்தான செயல் என்று தலைப்பு வாரியாகப் பேசுகின்றன. உங்கள் அறிக்கைக்கு அந்தத் தலைப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் உங்கள் ஷாட் எண்ணைப் போட்டு எழுதினால் தேர்வாளர் மறுக்க முடியாது. "எங்கள் படம் குழந்தைகளுக்கு ஏற்றது" என்ற பொது வாக்கியத்துக்கு மதிப்பெண் விழாது. "ஷாட் 22-இல் அச்சம் 9 நொடி, ஷாட் 25-இல் தீர்கிறது" என்பதற்கு விழும்.

உங்கள் பழைய வரிசை இங்கே வந்தால் பி.ஜி.க்குத்தான் போகும், முக்கியக் காரணம் பத்தாயம். திருத்திய வரிசை யுவில் நிற்கும் என்பது என் கணிப்பு. யுவில் பயம் சுருக்கமாகவும் ஆறுதலாக முடிவதாகவும் இருக்கவேண்டும் என்பதே அவர்களின் அடிப்படை எதிர்பார்ப்பு, மேலே எடிட்டர் சொன்ன அதே இடம்.

---

எழுத்துரு எழுதியது:

டைட்டில் பற்றி. 120 நொடியில் 8 அல்லது 9 பெயர் அட்டை தாங்கும், ஒவ்வொன்றும் 2.5 முதல் 3 நொடி. வரிசை: தயாரிப்பு நிறுவனம், வழங்குபவர், நடிகர்கள், ஒலி, இசை, படத்தொகுப்பு, ஒளிப்பதிவு, எழுத்து, கடைசியாக இயக்கம். படத்தின் பெயரை மட்டும் முழு 5 நொடி நிறுத்துங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க அவ்வளவு ஆகும். பெயரை ஒரு குரல் சொல்வதும் நல்லது.

தமிழ் எழுத்து உடையும் சிக்கல்: பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் கொம்பு தனியாக, கால் தனியாகச் சிதறினால் அமைப்புகளில் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றி, புதிய எழுத்துப் பெட்டியில் மறுபடி தட்டுங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அடித்துப் பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாகக் கொண்டுவாருங்கள். மெல்லிய கோடு உள்ள எழுத்துரு இருட்டுக் காட்சியில் கரைந்துவிடும். தடித்த எழுத்து, திரை ஓரத்திலிருந்து 10 சதவீதம் உள்ளே.

கரண்ட் போவதைக் காட்ட விளக்கை வெட்டி வெட்டி மின்னவிடுவீர்கள். நொடிக்கு 3 மின்னலுக்கு மேல் போகாதீர்கள், திரை முழுக்கச் சிவப்பாக மின்னவே வேண்டாம். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூனின் சிவப்பு நீல மின்னலால் 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். விளக்கு ஒருமுறை மங்கி, ஒருமுறை எழுந்து, அணையட்டும்.

படத்தின் முன்னால் வாரியச் சான்றிதழ் படத்தைப் போலியாகச் செய்து போடும் பழக்கம் மாணவர்களிடம் இருக்கிறது. தயவுசெய்து போடாதீர்கள். சான்றிதழ் பெறாத படத்தில் அது இருப்பது பொய். மதிப்பீட்டை அறிக்கையில் எழுதினால் போதும்.

---

சட்டப்புத்தகம் எழுதியது:

அதோடு இதையும் சேர்க்கிறேன். வகுப்பில் காட்டுவதற்குச் சான்றிதழ் வேண்டாம். பொதுத் திரையிடலுக்குத்தான் சட்டம் கேட்கிறது. பின்னால் முழுப்படமாக்கினால் இ-சினிபிரமாண் இணையதளம் வழியாகச் சென்னை மண்டல அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். யூடியூபில் ஏற்றினால் "குழந்தைகளுக்கானது" என்று குறிக்கவேண்டும். குறித்தால் கருத்துப் பெட்டி மூடப்படும், ஆளுக்கேற்ற விளம்பரம் வராது. நடித்த பிள்ளைகளின் முழுப்பெயரும் பள்ளியும் சேர்ந்து இணையத்தில் போகாமல் பாருங்கள்.

---

விஸ்காம்_ஆறுபேர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திருத்திய வரிசை, யு என்றே வைத்திருக்கிறோம்:

0–12: தெரு, சாயங்காலம், ஐஸ் வண்டி மணி, எதிர்த் திண்ணையில் விசிறியோடு பெரியவர்.
12–34: கண்ணாமூச்சி. தம்பி கட்டிலுக்கு அடியில், கட்டைவிரல் தெரிகிறது.
34–46: விளக்கு ஒருமுறை மங்கி அணைகிறது. ஃபேன் நிற்கிறது. தெருக் குரல்கள், பாட்டி "டார்ச் அலமாரியில இருக்கு கண்ணு" என்கிறாள்.
46–64: டார்ச்சோடு தேடுகிறாள். அறை எங்கும் காட்டுகிறோம்.
64–82: பரணில் பச்சைக் கண்கள். "யாரு?" மியாவ். தம்பி கட்டிலுக்கு அடியிலிருந்து "பூனைக்கா!" என்று கத்தி மாட்டிக்கொள்கிறான். இருவரும் சிரிப்பு.
82–104: சுவரில் பூனை நிழல் தாவி மறைகிறது (அட்டை வெட்டி). பரணிலிருந்து கயிறு கட்டிய பழைய சாவி ஒன்று தரையில் விழுகிறது.
104–115: சாவி குளோசப். "இது எதோட சாவி?" பாட்டியின் பாத்திரச் சத்தம் சட்டென்று நிற்கிறது.
115–120: படத்தின் பெயர்.

கரண்ட் போனதிலிருந்து சிரிப்பு வரை 48 நொடி ஆகிறது. அதிகமா?

---

கத்தரிமேசை எழுதியது:

அதிகமில்லை. பதற்றம் உண்மையில் தொடங்குவது 64-இல், கண் தெரியும்போது. அதற்கு முன் பாட்டி பேசிவிட்டாள். 64-இலிருந்து சிரிப்பு வரை 15 நொடிக்குள் முடியும்படி வெட்டுங்கள்.

கவனிக்கவேண்டியது 104–115. பாட்டியின் சத்தம் நிற்பது அருமையான யோசனை, அதே நேரம் இத்தனை நேரம் தாங்கிய ஆறுதலை அங்கே எடுக்கிறீர்கள். அந்த இடத்தில் இசை எதுவும் வேண்டாம், தவளைச் சத்தம் தொடரட்டும். இரண்டு பிள்ளைகளும் ஒரே ஃப்ரேமில் தோளோடு தோளாக இருக்கட்டும். சிறுமியைத் தனியாக குளோசப்பில் விட்டால் அச்சம், இருவர் சேர்ந்திருந்தால் ஆவல்.

---

சிறுவர்திரை எழுதியது:

எடிட்டை இறுதி செய்வதற்கு முன் பிள்ளைகளிடம் காட்டுங்கள். 5 முதல் 9 வயது வரை ஆறேழு பேர், பெற்றோர் அனுமதியோடு, இரண்டிரண்டு பேராக. கூட்டமாக உட்காரவைத்தால் ஒருவர் சிரித்ததும் எல்லோரும் சிரிப்பார்கள், ஒன்றும் தெரியாது. திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள்: கண்ணைப் பொத்துவது, காதைப் பொத்துவது, பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடிப்பது எந்த நொடி என்று குறித்துக்கொள்ளுங்கள். காதைப் பொத்தினால் ஒலியைக் குறைக்கவேண்டும், கண்ணைப் பொத்தினால் ஷாட்டை.

"பயமா இருந்துச்சா" என்று கேட்காதீர்கள், "இல்லை" என்றுதான் பதில் வரும். "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள். தம்பி எங்கே ஒளிந்தான், பரணில் யார் என்பதை 5 வயதுப் பிள்ளை சரியாகச் சொன்னால் யு என்று உறுதியாக எழுதலாம். சாவியைப் பற்றி அவர்களே கேட்டால் அதையும் அறிக்கையில் சேருங்கள், நொடி எண்ணோடு.

---

விஸ்காம்_ஆறுபேர் எழுதியது:

சரிங்க அண்ணா. ஆட்சியர் அலுவலகத்துக்குப் படிவம் சி இந்த வாரமே கொடுக்கிறோம். ரிஃப்ளெக்டிவ் ஸ்டிக்கர் பச்சையில் ஒரு மீட்டர் ரோல் சொல்லியாச்சு. முதல் கட் வந்ததும் நொடிக் குறிப்போடு இங்கேயே போடுகிறோம்.